ஒட்டுத் தெரியாத பாட்டு

டிஜே வேலையைக் காசு கட்டிக் கற்றுக்கொள்வதா, தானாகக் கற்றுக்கொள்வதா என்று பீட்டருக்கும் மகள் சோனியாவுக்கும் ஒரு மாதமாக ஓயாத சண்டை. பீட்டருக்கு டிஜே என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலையில் காண்டிராக்ட் கூலியாகப் பாதி வாழ்க்கையைக் கழித்த மனுஷன். எந்தத் தொழிலுக்கும் ஒரு கோர்ஸ் இருக்கும், கோர்ஸ் இருந்தால் சர்ட்டிபிகேட் இருக்கும், சர்ட்டிபிகேட் இருந்தால் நாலு பேர் வாயை அடைக்கலாம் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அது போதும் என்று நினைத்தார்.

"எம் பொண்ணு டிஜேன்னு சொன்னா, எங்க ஆடுதுன்னு கேப்பானுங்க," என்றார். "கோர்ஸ் படிக்குதுன்னு சொன்னா வாய மூடிக்கினு போவானுங்க. அவ்ளோதான் விஷயம்."

"அப்ப நான் கத்துக்கறதுக்கு இல்ல. நீ சொல்லிக்கறதுக்கு."

"ரெண்டுத்துக்கும்தான்."

"பி.எஸ்சி. சர்ட்டிபிகேட் பீரோவுல கீது, நைனா. இன்னா கீச்சிச்சி அது? பன்னெண்டாவது முடிச்சவளும் நானும் ஒரே டேபிள்ல உக்காந்துக்கினு ஒரே ரிங்க பொரட்டிப் பாத்துக்கினு கீறோம். அவ எனக்கு மூணு வருஷம் முன்னாடியே வந்துட்டா. எனக்கு சீனியரு அவ."

பேச்சு இந்த இடத்துக்கு வந்தால் பீட்டர் தட்டைப் பார்த்துப் பேசுவார். "எது பேசுனாலும் கம்பெனில கொண்டாந்து நிறுத்து," என்று தோசையிடம் சொன்னார்.

சோனியா பொன்னேரி அரசுக் கல்லூரியில் இயற்பியல் படித்தவள். அந்த வீட்டில், அந்தத் தெருவில், அப்பா வழியிலும் அம்மா வழியிலும் எங்கே துழாவினாலும் முதல் டிகிரி அவளுடையதுதான். ரிசல்ட் வந்த அன்றைக்குத் தெரு முழுக்க லட்டு கொடுத்தார் பீட்டர். லட்டைத் தின்ற தெரு, கையைத் துடைத்த கையோடு, இன்னா வேல கெடச்சிது என்று கேட்க ஆரம்பித்தது. கிடைத்தது. வண்டிகளுக்கு உதிரிப் பாகம் செய்யும் கம்பெனியில், வெள்ளை வெளிச்சம் போட்ட மேஜையில், கையுறை மாட்டிக்கொண்டு, இரும்பு வளையத்தில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. கீறல் இருந்தால் சிவப்புக் கூடை. இல்லாவிட்டால் பச்சைக் கூடை. இதற்கு ஏன் இயற்பியல் என்று அவள் கேட்டால் எல்லோரும் அவளைத் திமிர் பிடித்தவள் என்றார்கள்.

அந்த மேஜைக்குப் பக்கத்துக் கூடத்தில் பிரஸ் மெஷின்கள் ஓடும். மூன்று மெஷின், ஒவ்வொன்றும் தன் போக்கில் அடிக்கும். ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டே போய், திடீரென்று ஒரு கட்டத்தில் மூன்று அடியும் ஒன்றாக விழும். தரையே ஒரு முறை தூக்கிப் போடும். அந்த நேரத்தில் சோனியாவின் கை வளையத்தோடு அப்படியே நின்றுவிடும். மனசுக்குள் ஒரு குத்துப் பாட்டை எடுத்து அந்த அடியின் மேல் உட்கார வைத்துப் பார்ப்பாள். அடுத்த பாட்டை எங்கிருந்து இழுத்து வந்தால் இதோடு ஒட்டும் என்று யோசிப்பாள். "ரிங்க பாக்குறியா, ஜெபம் பண்றியா?" என்று சூப்பர்வைசர் வந்து மேஜையைத் தட்டினால்தான் பூமிக்கு வருவாள்.

டிஜே ஆசை அப்படி வந்ததுதான். வேறு பெரிய கதை ஒன்றும் கிடையாது.

ஆரம்பாக்கத்தில் பாக்கியராஜ் என்று ஒருவர் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். மைக் செட்டு, சீரியல் லைட்டு, ஆள் உயரப் பாக்ஸு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு டிஜே கன்சோல். இரண்டு வட்டத் தட்டும் ஏகப்பட்ட திருகுகளும் உள்ள பெட்டி. ஒரு கல்யாண வரவேற்பில் பாக்கியராஜின் ஆள் அந்தப் பெட்டிக்குப் பின்னால் நின்று ஹெட்போனை ஒரு காதில் செருகிக்கொண்டு அதையும் இதையும் திருகிக் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். சோனியா பின்பக்கமாகப் போய் எட்டிப் பார்த்தாள். அந்தப் பெட்டியிலிருந்து ஒரு ஒயர்கூட எங்கேயும் போகவில்லை. பாட்டு முழுக்க ஒரு பென் டிரைவிலிருந்து தானாக ஓடிக்கொண்டிருந்தது.

"ண்ணா, ஒயரே சொருவல, இன்னாத்த திருவிக்கினு கீறான் அவன்?" என்று அவள் கேட்ட கேள்வி பாட்டுக்கு நடுவில் கிடைத்த சின்ன இடைவெளியில் விழுந்து, பந்தி வரைக்கும் கேட்டுவிட்டது.

பிறகு அந்த ஆள் எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். கன்சோல் போர்வை போர்த்திக்கொண்டு கோடவுனில் கிடந்தது. சோனியா போய் நின்றாள்.

"வந்துட்டியா வாய்க்காரி," என்றார் பாக்கியராஜ். மேலும் கீழும் பார்த்தார். "லேடி டிஜேன்னா கூட்டம் நிக்கும். ஞாயித்துக்கெயம வந்து பழகிக்கோ. ஒடச்சா நீதான் பொறுப்பு."

லேடி டிஜே என்ற வார்த்தைக்கே ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது அவளுக்கு. ஆனால் கன்சோல் அவருடையது. விடவில்லை.

பழக ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, இது ஏட்டில் படித்த அலை இல்லை என்று. குத்துப் பாட்டின் தாளம் ஒரு மாதிரி உருண்டு வரும். புதுப் பாட்டின் தாளம் நேராக நடக்கும். இரண்டையும் ஒட்டினால் கல்லும் மண்ணும் கலந்த சோறு மாதிரி வந்தது. போனில் வீடியோ பார்த்தாள். ஒருவன் இந்தியில் பேசினான். ஒருவன் தமிழில், ஆனால் வார்த்தைக்கு வார்த்தை மச்சி போட்டு, ஒரு பெண் இதைப் பார்ப்பாள் என்ற நினைப்பே இல்லாமல் பேசினான். முக்கியமான இடம் வரும்போது, மீதியைத் தெரிந்துகொள்ள எங்கள் கோர்ஸில் சேருங்கள் என்றான். போனை வீசப் போய், அதுவும் தவணையில் வாங்கியது என்பதால் தலையணை மேல் வீசினாள்.

"பாத்தியா, அவனே சொல்றான், சேருன்னு," என்றார் பீட்டர்.

சரி, அதையும் பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை லோக்கல் ரயிலேறி சென்னைக்குப் போனாள். இலவச மாதிரி வகுப்பு. ஏசி அறை, நீல வெளிச்சம், தொப்பி போட்ட வாத்தியார். சுற்றிலும் இருந்த பையன்கள் காரில் வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

"நீங்க என்ன மாதிரி மியூசிக் பண்ணணும்னு நினைக்கிறீங்க?" என்றார் வாத்தியார்.

"ஃபங்ஷனுக்கு."

"கிளப் ஈவென்ட்ஸா? கார்ப்பரேட்டா?"

"மஞ்சத்தண்ணி. காது குத்து. மாப்ள அழைப்பு."

பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். வாத்தியார் சிரிக்கவில்லை. அவர் மரியாதையானவர். அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "அதெல்லாம் பேசிக்ஸ் தெரிஞ்சா நீங்களே பண்ணிக்கலாம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்த பாட்டு எப்ப வந்துச்சுன்னு ஆடுறவனுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா நீங்க டிஜே இல்ல, ஆபரேட்டர்."

ஒட்டுத் தெரியக் கூடாது. இது அவள் மனசில் ஆணி அடித்த மாதிரி இறங்கியது. இவ்வளவுதானே, இதற்கு இவனுக்கு எதற்கு ஃபீஸ் என்று அதே ரயிலில் திரும்பி வந்தாள். கோடவுனில் நின்று பழகினாள். கை வலிக்கும்வரை, பாக்கியராஜ் வந்து கரண்ட் பில்லைப் பற்றி முணுமுணுக்கும்வரை. ஒரு நாள் குத்துப் பாட்டின் கடைசிச் சுற்றில் தம்பட்டத்தை மட்டும் தனியாகத் திரும்பத் திரும்பச் சுழல விட்டு, அதன் அடியிலேயே அடுத்த பாட்டைப் பூனை மாதிரி நடத்திக் கொண்டுவந்து, பழையதை மெல்ல இறக்கினாள். ஒட்டு இல்லை. வெளியே ஒயர் சுற்றிக்கொண்டிருந்தவன் உள்ளே வந்து, "இது எந்தப் பாட்டுக்கா?" என்று கேட்டான். அது இரண்டாவது பாட்டு என்று அவனுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அவள் சைக்கிளை மிதிக்கவே இல்லை. அது தானாகப் போனது.

அந்த நேரத்தில்தான் சுமலதாவின் வீட்டு விசேஷம் வந்தது. சுமலதா கம்பெனியில் அதே மேஜைக்காரி, அந்த சீனியர் சுமலதாதான். மகள் பூமிகாவுக்கு மஞ்சள் நீராட்டு. பைபாஸ் ஓரத்து மஹால்.

"நீ போடுவியா, சோனியா? பாக்கியராஜ்கிட்ட செட்டு சொல்லிட்டேன்," என்றாள் சுமலதா. "ஆனா ஒண்ணு. எங்க அண்ணன் மணவாள நகர்லருந்து சீர் எடுத்துக்கினு வருவாரு. அவரு வரும்போது இந்தப் பாட்டு போடணும். அவரே சொல்லி அனுப்பிச்சாரு." போனில் பாட்டைக் காட்டினாள். "எங்க ஊட்டுக்காரருக்கும் அவருக்கும் ஏற்கெனவே ஆவாது. அத மட்டும் பாத்துக்கோ."

"பாத்துக்கறேன்க்கா."

பீட்டரிடம் அன்றைக்கே பந்தயம் பேசி முடித்தாள். விசேஷம் நன்றாகப் போனால் கோர்ஸ் பேச்சே எடுக்கக் கூடாது, கன்சோல் வாங்குவதற்கு அவள் சேர்ப்பதில் கை வைக்கக் கூடாது. சொதப்பினால் அந்தப் பணத்தை அப்படியே ஃபீஸாகக் கட்டிச் சேர வேண்டும்.

"பேச்சு மாற மாட்டியே?" என்றார் பீட்டர்.

"நீ மாறாத இரு."

மஹால் வாசலில் ஆளுயர ஃபிளெக்ஸ். பூமிகா பட்டுப் பாவாடையில் தாமரை மேல் நிற்கிறாள். ஒரு பிள்ளைக்கு வந்த மாதவிலக்கை ஊருக்கே போஸ்டர் அடித்துச் சொல்கிறார்களே என்று சோனியாவுக்கு எப்போதும்போல் வயிறு எரிந்தது. அவளுக்கும் இப்படித்தான் நடந்தது. சின்ன ஃபிளெக்ஸ், அவ்வளவுதான் வித்தியாசம். உள்ளே பூமிகா சிம்மாசனத்தில் நகைக்கு அடியில் உட்கார்ந்து காலை மட்டும் தாளத்துக்கு ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளைத் தவிர எல்லோரும் ஆடினார்கள்.

ஆடத்தான் செய்தார்கள். அது சோனியாவின் கை. பெண்ணின் அப்பா மணிகண்டன் பக்கத்து ஆட்கள் ஆரம்பாக்கத்து நிலக்காரர்கள், லேசில் இடுப்பை அசைக்காதவர்கள், அவர்களே துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்கள். ஒரு பாட்டு போய் அடுத்தது வந்தது. யாரும் மூச்சு வாங்கவில்லை. கடைசி வரிசையில் பீட்டர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் செருப்பு தாளம் போட்டதை அவள் மேடையிலிருந்தே பார்த்துவிட்டாள்.

வாசலிலிருந்து யாரோ கையைக் காட்டினார்கள். பூமிகாவின் மாமன் சரவணகுமார் வந்துவிட்டார்.

சோனியா ஹெட்போனைக் காதில் அழுத்தினாள். தம்பட்டத்தைச் சுழல விட்டாள். சரவணகுமார் கேட்ட பாட்டை அடியிலிருந்து மெல்ல எழுப்பினாள். பழைய பாட்டு நுனிவிரலில் நடந்து வெளியே போனது, புதுப் பாட்டு உள்ளே வந்து உட்கார்ந்தது. இவ்வளவு சுத்தமாக அவள் ஒருநாளும் செய்ததில்லை. ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவருக்குக்கூடக் கால் தடுக்கவில்லை. ஒருவர்கூடத் திரும்பவில்லை.

ஒருவர்கூடத் திரும்பவில்லை என்பதுதான் விஷயம்.

வாசலில் சரவணகுமார் பட்டு வேட்டி சட்டையில் கையில் தாம்பாளத்தோடு நின்றார். பின்னால் அவர் மனைவி, மக்கள், பங்காளிகள், பழம், பூ, புடவை, வெள்ளிக் கொலுசு, ஒரு தட்டில் ஃப்ரிட்ஜ் படம். ஃப்ரிட்ஜ் வேனில் இருந்தது. அவர் கூட்டி வந்த பேண்டுக்காரர்கள் மஹால் வாசல் வரைக்கும் வாசித்துவிட்டு நாஷ்டாவுக்குப் போய்விட்டார்கள். அவர் ஒரு நொடி நின்றார். மஹால் எழுந்து நிற்கும், விசில் பறக்கும், தங்கச்சி ஓடி வருவாள் என்று நின்றார். முன்னால் தெரிந்ததெல்லாம் ஆடும் முதுகுகள். சரி என்று உள்ளே நடந்தார். துண்டு கட்டிய ஒருவன் ஆடிக்கொண்டே பின்னால் வந்து அவர் தாம்பாளத்தில் இடித்தான். ஒரு ஆப்பிள் உருண்டு நாற்காலிக்கு அடியில் போனது.

சரவணகுமார் தாம்பாளத்தைத் தரையில் வைத்தார்.

"யோவ், மணிகண்டா!"

பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அந்தக் குரல் கேட்டது.

"எந் தங்கச்சி பொண்ணுக்கு சீர் எடுத்தாந்துகீறேன். ஒருத்தன் திரும்பிப் பாத்தானா? வேணும்னே பண்றியா நீ? உங்காளுங்கள ஆட உட்டுட்டு என்ன பின்வாசல் வழியா உள்ள உடுறியா?"

"மச்சான், இன்னா பேசற நீ? உம் பாட்டுதான் ஓடுது!"

"எங்க ஓடுது?"

"இதோ ஓடுதே!"

எல்லோரும் காதைத் தீட்டினார்கள். ஆமாம், அவர் பாட்டுதான். இரண்டாவது சரணம்.

"இது எப்பய்யா ஆரம்பிச்சிது?" என்றார் சரவணகுமார். அவர் குரல் உடைந்துவிட்டது. "எப்ப ஆரம்பிச்சிதுன்னே தெர்லயே!"

ஏசி அறையில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் கை தட்டியிருப்பார்கள். சோனியா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. மேடையிலிருந்து இறங்கி வந்தாள். "ண்ணா, அது மிக்ஸிங். ஒரு பாட்டுலருந்து இன்னொண்ணுக்குப் போறது தெரியாம இருக்கணும். அதுதான் கரெக்ட்டு."

"இன்னாம்மே கரெக்ட்டு? நான் வந்தா பழய பாட்டு சாவணும். அப்பறம் எம் பாட்டு பொறக்கணும். ரெண்டுக்கும் நடுவுல எல்லாரும் வாசல பாக்கணும். இது கூடத் தெரியாம நீ இன்னா டிஜே?"

மணிகண்டனுக்குத் தப்பிக்க ஒரு வழி கிடைத்தது. "ஏம்மா, எங்க கத்துக்கின நீ?"

"நானாதான் கத்துக்கினேன்."

"நானாவாம்பா!" என்று யாரோ சிரித்தார்கள். இன்னொருவர், வயசானவர், பாக்கியராஜைப் பார்த்து, "எந்தத் தெரு பொண்ணுப்பா இது?" என்றார்.

"காலனி. பீட்டர் பொண்ணு," என்றார் பாக்கியராஜ், தரையைப் பார்த்துக்கொண்டு. "புதுசு. நான் அப்பவே சொன்னேன், பென் டிரைவு போதும்னு."

"ஓ," என்றார் வயசானவர்.

அந்த ஓ-வில் எல்லாம் இருந்தது. சென்னையில் இன்ன இடத்தில் படித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி தெருவாக இருந்திருக்காது. சென்னை ஸ்டைல் போலிருக்கிறது என்று விட்டிருப்பார்கள். சோனியாவுக்குக் காது சுட்டது. கடைசி வரிசையில் பீட்டர் எழுந்து நின்றிருந்தார். அவரைப் பார்க்கக் கூடாது என்று பார்க்காமல் இருந்தாள்.

சரவணகுமார் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்துத் திரும்பினார். வரிசை முழுவதும் திரும்பியது. சுமலதா மேடையிலிருந்து புடவை தடுக்க ஓடி வந்தாள். "அண்ணா, அண்ணா!" சிம்மாசனத்தில் பூமிகா நகையோடு அழ ஆரம்பித்தாள்.

சோனியா கன்சோலுக்கு ஓடினாள். ஒட்டவில்லை, இறக்கவில்லை, சுழற்றவில்லை. ஒரே அறையாக அறைந்து நிறுத்தினாள்.

மஹாலில் அவ்வளவு பெரிய அமைதி. ஃபேன் சத்தம் கேட்டது. சமையல் கட்டில் யாரோ கரண்டியைக் கீழே போட்டது கேட்டது. பாட்டு நின்றதும் எல்லாத் தலையும் மேடைக்குத் திரும்பி, மேடையில் ஒன்றும் நடக்காததால் வாசலுக்குத் திரும்பியது. வாசலில் சரவணகுமார்.

பாக்கியராஜின் மைக்கை எடுத்தாள். அவர் மைக்கை யாரும் தொடக் கூடாது, தொட்டாள்.

"மணவாள நகர்லருந்து, பூமிகாவோட தாய்மாமன் சரவணகுமார், சீர் எடுத்துக்கினு வந்துகீறாரு. எல்லாரும் எழுந்து வழி உடுங்க. ஆடறவங்க ஓரமா போங்க. அந்தத் துண்டு கட்டன அண்ணன், உங்களத்தான்."

நாற்காலிகள் தரையில் தேய்ந்தன. ஜனம் எழுந்து நின்றது.

சரவணகுமார் வேட்டியைச் சரி செய்தார். மூக்கை உறிஞ்சினார். ஆனால் நகரவில்லை. "இப்ப நான் பாதி வழியில நிக்கறேன்," என்றார். "வாசல்லருந்து வரணும்."

"போய்ட்டு வாங்கண்ணா. நான் நிக்கறேன்," என்றாள் சோனியா மைக்கிலேயே.

வரிசை முழுவதும் வெளியே போனது. நாற்காலிக்கு அடியில் போன ஆப்பிளைத் தேடி எடுத்துத் துடைத்துத் திரும்பத் தட்டில் வைத்தார்கள். பேண்டுக்காரர்களை நாஷ்டாவிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்தார்கள். டிரம் அடிப்பவன் சாம்பார்க் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தான். பேண்டு அடித்தது, வாசலில் நின்றது. சோனியா மனசுக்குள் எண்ணினாள். இன்னும் கொஞ்சம். எல்லாக் கண்ணும் வாசலுக்குப் போகட்டும். விட்டாள். முதல் அடி விழுந்ததும் மஹால் கூரை பறந்தது. சரவணகுமார் தாம்பாளத்தைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு இரண்டாவது முறையாக வந்தார். மணிகண்டனே விசில் அடித்தார்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. மாமன் மாலை போட்டு முடித்ததும் வரிசையாக வந்தார்கள். முதலில் மாமனே வந்தார். "பேரு சொன்னியே, எங்கப்பா பேரையும் சேத்து சொல்லக் கூடாதா? செத்துப்போன மனுசன்." அடுத்து அவர் தம்பி. "அண்ணன் பேரு மட்டும் சொன்ன. சின்ன மாமன் நான் ஒருத்தன் இல்ல?" அப்புறம் மணிகண்டனின் அக்கா. "அத்த நாங்க மொதல்லயே வந்துட்டோம். எங்களுக்கு ஒரு பாட்டும் இல்ல." பேண்டு மாஸ்டரும் வந்தார். அவர் முடிப்பதற்குள் இவள் ஆரம்பித்துவிட்டாளாம். சோனியா ஒவ்வொருவருக்கும் சரி சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். எத்தனை ஆயிரம் சடங்கு, எத்தனை மூஞ்சி, எவனும் இதை எந்த வீடியோவிலும் சொல்லவில்லை. இவர்களாவது முன்னாலேயே சொன்னார்களா? தப்பு பண்ணினால்தான் வாயைத் திறப்பார்கள்.

பந்தி ஆரம்பித்ததும் பீட்டர் வந்தார்.

"சேந்துடு," என்றார். "பந்தயம்."

"நைனா, அங்க போனா இதே தப்பத்தான் சொல்லிக் குடுப்பான். அவன் சொன்னதத்தான் நான் பண்ணேன். டப்பு கட்டி இந்தத் தப்ப பண்ணணுமா? ஓசிலயே பண்ணிட்டனே."

"ஓசில பண்ணா தப்பு. டப்பு கட்டிப் பண்ணா படிப்பு," என்றார் பீட்டர். கோபமாகச் சொல்லவில்லை. ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயத்தைச் சொல்கிற மாதிரி சொன்னார். "அந்தாளு தெரு கேட்டான் பாத்தியா? அதுக்குத்தான் சொல்றேன். உனக்கு கத்துக்கறதுக்கு இல்லம்மா. அந்தக் கேள்வி வராம இருக்கறதுக்கு."

அவர் சொன்னது உண்மை என்பதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

"டிகிரி வாங்கனப்பவும் இதத்தான் சொன்ன, நைனா. வந்துச்சா இல்லியா அந்தக் கேள்வி? இன்னும் ஒரு பேப்பர் காட்டுன்னா, அதுக்கு மேல இன்னொண்ணு கேப்பான். நான் சேர மாட்டேன். பெட்டி வாங்கப் போறேன்."

"பேச்சு மாறாதன்னு சொன்ன."

"மாறிட்டேன். தோத்துட்டேன், ஒத்துக்கறேன். சேர மாட்டேன்."

பீட்டர் அவளை ஒரு பார்வை பார்த்தார். சாப்பிடக்கூடச் செய்யாமல், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்து நடந்தார். ஊர் ஆட்களுக்கு நடுவில் பந்தியைவிட்டு அப்பா பசியோடு போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது, மாமன் சண்டையைவிடக் கஷ்டமாக இருந்தது.

திரும்பினால் பாக்கியராஜ் கையில் பென் டிரைவோடு கன்சோலுக்குப் போய்க்கொண்டிருந்தார். சோனியா இரண்டே எட்டில் மேடையேறிக் குறுக்கே நின்றாள்.

"நவுரு," என்றார்.

"நீ நவுருண்ணா."

"உன்னால இன்னிக்கி பேஜாரா பூட்ச்சி எனக்கு."

"என்னாலதான் சீர் உள்ள வந்துச்சி. போய் சாப்புடு, போ. பந்தி முடிஞ்சா பாயசம் இருக்காது."

அவர் பாயசத்தையும் அவளையும் மாறி மாறி யோசித்துவிட்டு இறங்கிப் போனார். கோபம் கையில் இருந்தது. அவள் போட்டாள். சாப்பிட்டு வந்தவர்கள் இலைக்கட்டு வாசனையோடு ஒவ்வொருவராக முன்னால் வந்தார்கள். மாமன் பக்கத்து ஆட்களும் அப்பா பக்கத்து ஆட்களும் கலந்து நின்றார்கள். பூமிகா நகையைக் கழற்றி யாரிடமோ கொடுத்துவிட்டுச் சிம்மாசனத்தை விட்டு இறங்கினாள். யாரும் தடுக்கும் முன்பே கூட்டத்துக்குள் புகுந்துவிட்டாள். சோனியா தாளத்தை ஏற்றிக்கொண்டே போனாள், ஏற்றினாள், எல்லோர் கையும் மேலே, இதோ, இதோ விழப்போகிறது, அந்த ஒரு அடிக்காகத்தான் இத்தனை நாளும்.

யாரோ மேடையைத் தட்டினார்கள். பீட்டர்.

"பாட்ட நிறுத்து," என்றார்.

"இன்னாது?"

"நிறுத்தும்மா! வண்டி எடுக்க முடியல. எவனோ வெள்ளக் கார குறுக்க உட்டுட்டுப் போய்க்கிறான். நம்பர சொல்லிக் கூப்புடு."

"இப்பவா நைனா?"

"பின்ன எப்ப?"

சோனியா கூட்டத்தைப் பார்த்தாள். தூக்கிய கைகள் அப்படியே இருந்தன. அப்பாவைப் பார்த்தாள். பசித்த முகம். பல்லைக் கடித்துக்கொண்டு கையை வைத்தாள். பாட்டு அடி விழாமலே செத்தது. "ஏய்!" என்று மஹாலே கத்தியது. மைக்கை எடுத்து, அவர் உள்ளங்கையில் பேனாவால் எழுதி வந்திருந்த நம்பரைப் பார்த்து, கடைசி எண்வரை நிறுத்தி நிதானமாகப் படித்தாள். வெள்ளை காரு, உடனே வந்து எடுக்கவும். மூன்று பேர் அவளைத் திட்டினார்கள். யாரும் காரை எடுக்கப் போகவில்லை.

பீட்டர் மேடை ஓரத்திலேயே நின்றார்.

"சேர மாட்டியா?"

"மாட்டேன்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். பந்திப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "சரி, நான் போய் சாப்ட்டு வரேன்," என்றார். "அந்த நம்பர இன்னொரு தபா சொல்லு. கொஞ்சம் மரியாதையா சொல்லு, கார்காரன் பெரிய மனுசனா இருக்கப் போறான்."